மூடுபனிக் கரையில் ஒரு கார்ப் பயணம்: நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையை முதன்முறை சுற்றிப் பார்ப்பது எப்படி?

கனடாவின் கிழக்குக் கோடியில், அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் தனித்து நிற்கும் பெருந்தீவு நியூஃபவுண்ட்லாந்து. அதன் தென்கிழக்கு மூலையான அவலான் தீபகற்பத்தை, தலைநகர் செயிண்ட் ஜான்ஸிலிருந்து புறப்பட்டுக் கரையோரமாகவே சுற்றித் திரும்பும் சாலைக்கு அயரிஷ் லூப் என்று பெயர். அயர்லாந்திலிருந்து மீன்பிடிக்க வந்து தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்களே இந்தக் கரையில் பெரும்பாலும் வாழ்கிறார்கள். மொத்தத் தூரம் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கலங்கரை விளக்கங்கள், சிறு துறைமுக ஊர்கள், கடற்பறவைத் தீவுகள், காட் மீன் சமையல் என்று இந்தப் பகுதிக்குரியவை அனைத்தும் இந்த ஒரு வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

தூரத்தை மட்டும் பார்த்தால் ஒரே நாளில் ஓட்டி முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் ஓட்டிவிட்டு, வழி நெடுக வெள்ளைத் திரையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் திரும்புகிறார்கள். வடக்கிலிருந்து இறங்கும் குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டத்தின்மேல், தெற்கே உள்ள வளைகுடா நீரோட்டத்தின் வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்து படியும்போது அந்த ஈரம் மூடுபனியாகத் திரண்டு நிற்கிறது. உலகில் மூடுபனி மிகுந்த கடற்பகுதிகளுள் இதுவும் ஒன்று. இவ்வளவு கலங்கரை விளக்கங்கள் இங்கே எழுந்ததற்கும் அந்தப் பனியே காரணம். ஆகவே எந்த நாளில் எந்த இடம் என்பதை வீட்டிலிருந்தே எழுதிவைத்துக்கொண்டு வராமல், ஐந்து நாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றன்றைய காற்றைப் பார்த்து வரிசையை மாற்றிக்கொள்ளும்படி பயணத்தை அமைப்பதுதான் இங்கே சரியான முறை. கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த முறையையே பின்பற்றுகின்றன.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

கிரீன்லாந்தின் பனியாறுகளிலிருந்து உடைந்து மிதந்துவரும் பனிப்பாறைகளைக் காண விரும்புவோர் மே மாத இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ வர வேண்டும். ஆனால் அப்போது குளிர் விட்டிருக்காது. சிற்றூர்களில் சில விடுதிகளும் உணவகங்களும் திறந்தே இருக்கமாட்டா. திமிங்கலங்களுக்கு ஜூலை சிறந்தது. நெத்திலியைப்போன்ற கேப்லின் என்னும் சிறுமீன் முட்டையிடுவதற்காகக் கூட்டங்கூட்டமாகக் கரையேறும் காலம் அது. அதைத் தின்பதற்காகக் கூனல்முதுகுத் திமிங்கலங்கள் கரைவரை துரத்திக்கொண்டு வருகின்றன. ஆகஸ்டில் மூடுபனி குறைகிறது, சதுப்பு நிலங்களில் பேக்கப்பிள் என்னும் ஆரஞ்சு நிறப் பெர்ரி பழுக்கிறது. முதன்முறை வருவோர்க்கு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரையான காலத்தையே நான் சொல்வேன். அந்த நாள்களிலும் பகல் வெப்பம் 20 பாகையைச் சுற்றியே இருக்கும் என்பதால், காற்றும் மழையும் புகாத மேலுறை ஒன்றும் கம்பளிச் சட்டை ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

படி 2: போக்குவரத்தையும் படுக்கையையும் உறுதி செய்யுங்கள்

டொராண்டோவிலிருந்து செயிண்ட் ஜான்ஸுக்கு விமானத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். சொந்தக் காரில் வர நினைப்போர், நோவா ஸ்கோஷியாவின் நார்த் சிட்னியிலிருந்து ஏழு மணி நேரம் கப்பலில் வந்து, தீவின் மேற்குக் கோடியில் இறங்கி, அங்கிருந்து மேலும் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். கோடையில் மட்டும் அவலானின் மேற்குக் கரையிலுள்ள அர்ஜென்ஷியாவுக்கே நேராக வரும் கப்பலும் உண்டு, அது ஏறத்தாழ பதினாறு மணி நேரப் பயணம். குறுகிய விடுமுறைக்கு விமானமே பொருந்தும்.

வாடகைக் காரை விமானச் சீட்டுக்கு முன்பே பதிவு செய்வது நல்லது. தீவில் கார்களின் எண்ணிக்கை அளவானது. கோடையில் அவை தீர்ந்துபோவது வழக்கமான செய்தி. இந்திய, இலங்கை உரிமம் வைத்திருப்போர் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துவருவதோடு, சாலையின் வலப்பக்கம் ஓட்டும் பழக்கத்தை நகருக்கு வெளியே ஒரு மணி நேரமாவது பயிற்சி செய்துகொள்ள வேண்டும்.

தங்குமிடத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: செயிண்ட் ஜான்ஸில் மூன்று இரவு, தென்கோடியிலுள்ள ட்ரெபாஸியிலோ அதன் அருகிலோ இரண்டு இரவு. தெற்கே இரண்டு இரவு என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். தென்கோடிக் கலங்கரை விளக்க முனையான கேப் ரேஸ் ஒரு நாள் பனிக்குள் மறைந்திருந்தால், மறுநாள் காலை இன்னொரு வாய்ப்பைத் தருவது அந்த இரண்டாம் இரவுதான்.

சிறு தகவல் ஒன்று: நியூஃபவுண்ட்லாந்தின் கடிகாரம் அண்டை மாநிலங்களைவிட அரை மணி முந்தி ஓடுகிறது. நம் ஊர் நேரத்திலும் ஒரு அரை மணி ஒட்டியிருப்பதால், கோடையில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள வேறுபாடு சரியாக எட்டு மணி நேரமே. வீட்டுக்குத் தொலைபேச விரலை மடக்கிக் கணக்குப் போட வேண்டியதில்லை.

படி 3: ஒவ்வொரு காலையும் காற்றின் திசையைப் பாருங்கள்

கனடா அரசின் வானிலைப் பக்கத்தில் வெப்பத்தையும் மழையையும் விட முக்கியமாகக் காற்றின் திசையைப் பாருங்கள். கிழக்கிலிருந்து வீசினால் கடற்பனி நேராகச் செயிண்ட் ஜான்ஸின்மேல் ஏறும். தென்மேற்கிலிருந்து வீசினால் தென்கோடியான கேப் ரேஸும் ட்ரெபாஸியும் மூடிக்கொள்ளும். ஆனால் அதே காற்று நிலத்தைக் கடந்து வரும்போது பனியை உதறிவிடுவதால், வடக்கே செயிண்ட் ஜான்ஸில் வெயில் அடிக்கலாம். மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வீசினால் கரை முழுவதும் தெளிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட நாள் வாய்த்தால், அருங்காட்சியகம், கடைத்தெரு போன்றவற்றை ஒத்திவைத்துவிட்டுக் கலங்கரை விளக்கங்களை நோக்கிக் காரை விடுங்கள். பனி அடர்ந்த நாளை நகரத்துக்கும் உணவுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

படி 4: செயிண்ட் ஜான்ஸிலும் கேப் ஸ்பியரிலும் தொடங்குங்கள்

செயிண்ட் ஜான்ஸின் துறைமுகத்துக்குள் கப்பல்கள் நுழையும் வாயில், இரண்டு பாறைக் குன்றுகளுக்கு நடுவே, அறுபது மீட்டரளவே அகலமுள்ள ஒரு இடுக்கு. அதன் வடபுறக் குன்றான சிக்னல் ஹில்லில் ஏறி நின்றால் ஊர் முழுவதும் காலடியில் தெரியும். 1901 டிசம்பர் 12 அன்று மார்க்கோனி, பட்டத்தில் கட்டிய கம்பியை உயர்த்தி, இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்துவந்த முதல் கம்பியில்லாச் சமிக்ஞையைக் கேட்டதாக அறிவித்தது இந்தக் குன்றில்தான். எதிர்க்கரையில் தெரியும் ஃபோர்ட் ஆம்ஹெர்ஸ்ட் முனையில் 1813-இல் ஏற்றப்பட்ட விளக்கே தீவின் முதல் கலங்கரை விளக்கம். இப்போது அங்கே நிற்பது பிற்காலக் கட்டடம்.

நகரிலிருந்து இருபது நிமிட ஓட்டத்தில் கேப் ஸ்பியர். கிரீன்லாந்தை விட்டுப் பார்த்தால் வட அமெரிக்காவின் கிழக்குக் கோடி முனை இதுவே. இங்கே இரண்டு கலங்கரை விளக்கங்கள் உள்ளன. 1955-இல் கட்டிய கான்கிரீட் கோபுரம் இன்றும் பணியில் இருக்கிறது, ஆனால் நீங்கள் நேரம் செலவிட வேண்டியது 1836-இல் விளக்கேற்றப்பட்ட பழைய கட்டடத்தில். கலங்கரை விளக்கம் என்றதும் மனத்தில் எழும் உயர்ந்த கோபுரம் அங்கே இராது. வெள்ளையடித்த சதுரமான மர வீடு ஒன்று. அதன் கூரையின் நடுவே கிளம்பி நிற்கும் விளக்கு மாடம். உள்ளே சென்றால், கற்கோபுரம் வீட்டின் நட்டநடுவே தூணைப்போல எழும்பியிருக்க, அதைச் சுற்றிலும் அறைகள் அமைந்திருப்பதைக் காணலாம். காவலரின் குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கியதெல்லாம் அந்த விளக்கின் அடியைச் சுற்றியே. முதலில் இங்கே பொருத்திய விளக்குக் கருவிகூடப் புதியதன்று. ஸ்காட்லாந்தின் இன்ச்கீத் தீவில் ஏற்கெனவே பயன்பட்டதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். காண்ட்வெல் என்ற ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இந்த முனையில் விளக்கைக் காத்தது.

கீழே இரண்டாம் உலகப்போர்க்காலப் பீரங்கித் தளமும் சுரங்க வழிகளும் உள்ளன. அவற்றைப் பார்த்துவிட்டுப் பாறை விளிம்புக்கு இறங்கிப் படமெடுக்கும் ஆசை வரும். அங்கே நட்டிருக்கும் எச்சரிக்கைப் பலகைகளை மீறாதீர்கள். அமைதியாகத் தோன்றும் கடலிலிருந்து திடீரென எழும் பேரலை பாறைமேல் ஏறி ஆளை இழுத்துச் செல்லக்கூடியது.

படி 5: உணவுப் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தக் கரையை உருவாக்கியது காட் மீன். ஐந்நூறு ஆண்டுகளாக ஐரோப்பாவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் இங்கிருந்து உப்புக் கருவாடாகவே அது போயிற்று. அளவுமீறிப் பிடித்ததால் மீன்வளம் சரிந்து, 1992 ஜூலை 2 அன்று கனடா அரசு வடபகுதிக் காட் மீன்பிடிப்புக்குத் தடை விதித்தபோது, ஏறத்தாழ 30,000 பேர் ஒரே நாளில் தொழில் இழந்தார்கள். அந்தத் தடை அதிகாரபூர்வமாக முடிவுக்கு வந்தது 2024-இல்தான். வழியிலுள்ள ஊர்களில் பெரிய படகுத்துறையும் சில படகுகளுமே இருப்பதைக் காணும்போது இந்த வரலாற்றை நினைவில் கொள்ளுங்கள். இன்று அந்தப் படகுகளுக்கு வருமானம் பெரிதும் பனி நண்டிலிருந்தே வருகிறது. பருவத்தில் கிடைத்தால் அவித்த நண்டை விட்டுவிடாதீர்கள்.

உள்ளூர் உணவுகளில் முதலில் சுவைக்க வேண்டியது ஃபிஷ் அண்ட் புரூஸ். உப்புக் கருவாட்டையும், கப்பலோட்டிகளுக்காகச் சுட்ட கல்லைப்போன்ற கெட்டி ரொட்டியையும் தனித்தனியே இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, காலையில் வேகவைத்து, ஒன்றாக உதிர்த்துக் கலக்கிறார்கள். அதன்மேல் ஸ்க்ரஞ்சன்ஸ் என்னும் பொடியாக நறுக்கி முறுகலாகப் பொரித்த உப்புப் பன்றிக் கொழுப்பையும், அது உருகிய நெய்யையும் ஊற்றுவார்கள். கருவாட்டுக் குழம்பில் பழகிய நாக்குக்கு முதல் கவளம் காரமில்லாமல் மொட்டையாகத் தோன்றும். இரண்டாம் மூன்றாம் கவளத்தில், ரொட்டி உறிஞ்சிவைத்திருக்கும் மீன் சாறும் இடையிடையே பல்லில் கடிபடும் கொழுப்பும் சேர்ந்து பிடித்துப்போகும். ஊறுகாய் புட்டியைப் பையில் வைத்திருப்போர் அதை வெளியே எடுக்கத் தயங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

காட் மீனின் நாக்கு என்று விற்பது உண்மையில் தொண்டைப் பகுதித் தசை. மாவில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு கொழகொழப்பாகவும் இருக்கும், எல்லோருக்கும் பிடிக்காது. காலையில் டவுட்டன் கேளுங்கள். ரொட்டிக்குப் பிசைந்து புளிக்கவைத்த மாவை வட்டமாகத் தட்டிப் பொரித்து, கருப்பஞ்சாற்றுப் பாகான மொலாசஸை ஊற்றித் தருவது அது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வாய்த்தால் ஜிக்ஸ் டின்னர் கிடைக்கும். உப்பில் ஊறிய மாட்டிறைச்சியோடு முட்டைக்கோசும் கிழங்குகளும், துணிப்பையில் கட்டி அதே பானையில் வேகவைத்த மஞ்சள் பட்டாணி மசியலும் சேர்ந்த தட்டு அது.

மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ தவிர்ப்போரும் சைவ உணவினரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டவுட்டன் பன்றிக் கொழுப்பில் பொரிக்கப்பட்டிருக்கலாம், பட்டாணிச் சூப்பில் உப்பு இறைச்சி இருக்கலாம். வெண்ணெயில் பொரித்துத் தர முடியுமா, இறைச்சி சேர்ந்திருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. செயிண்ட் ஜான்ஸில் இந்திய உணவகங்கள் உண்டு, தெற்கே போகப்போகத் தேர்வு குறையும். ஆகவே நகரிலேயே ரொட்டி, பழம், பாலாடைக்கட்டி ஆகியவற்றை வாங்கிக் காரில் வைத்துக்கொள்வது அறிவுடைமை. ரம் குடித்துக் காட் மீனை முத்தமிட்டுத் தீவுக்காரர் ஆகும் சடங்கு ஒன்றை மதுக்கூடங்களில் நடத்துகிறார்கள். விருப்பமிருந்தால் செய்யுங்கள், செய்யாமல் போனாலும் இழப்பு ஏதுமில்லை.

படி 6: தெற்கே இறங்குங்கள்: பறவைத் தீவுகளும் ஃபெரிலாண்டும்

பத்தாம் எண் சாலையில் அரை மணி நேரத்தில் பே புல்ஸ் வந்துவிடும். அங்கிருந்து புறப்படும் படகுகள் விட்லெஸ் பே காப்பகத்தின் தீவுகளைச் சுற்றிக் காட்டுகின்றன. அட்லாண்டிக் பஃபின் என்னும் கடற்பறவைக்கு வட அமெரிக்காவில் உள்ள மிகப்பெரிய குடியிருப்பு இங்கேதான்; கோடையில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இணைகள் புல்மேட்டில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன. வாய் நிறைய மீனைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு, குட்டைச் சிறகை வேகவேகமாக அடித்துத் தண்ணீரை ஒட்டிப் பறக்கும் பஃபினைப் பார்க்கக் குழந்தைகள் சலிப்பதே இல்லை. மிதமான பனியிலும் படகு போகும், பறவைகளும் தெரியும், ஆகவே கலங்கரை விளக்கத்துக்கு உதவாத நாளில் இதை வைத்துக்கொள்ளலாம். வாந்தி மாத்திரையைப் படகேறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபெரிலாண்ட் இன்னும் முக்கால் மணி நேரத் தொலைவில் உள்ளது. பின்னாளில் பால்டிமோர் பிரபு எனப்பட்ட ஜார்ஜ் கால்வர்ட் 1621-இல் இங்கே ஒரு குடியேற்றத்தை நிறுவினார். குடும்பத்தோடு வந்து ஒரே ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர், குடியேறிகளில் பாதிப்பேர் நோயில் விழுந்ததைக் கண்டு, மிதமான தட்பவெப்பமுள்ள தெற்கே நிலம் கேட்டு மன்னருக்கு எழுதினார். அமெரிக்காவின் மேரிலாண்ட் அந்த வேண்டுகோளின் பயனாகப் பிறந்ததே. தோண்டியெடுத்த கற்பாவிய தெருவையும் அடித்தளங்களையும் சுற்றிப் பார்க்கும்போது, கழிப்பிடத்தைத் தவறவிடாதீர்கள். கடலை ஒட்டிக் கல்லால் கட்டிய அதை, நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் அலைநீரே கழுவிவிட்டது. பதினேழாம் நூற்றாண்டின் சுகாதாரத்தைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணத்தை அது சற்று அசைக்கிறது.

ஊரிலிருந்து முனைக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடந்தால், 1870-ஆம் ஆண்டைச் சேர்ந்த சிவப்புக் கலங்கரை விளக்கம். கோடையில் அங்கே புதிதாகச் சுட்ட ரொட்டியில் சாண்ட்விச்சும் எலுமிச்சைச் சாறும் கூடையில் வைத்துத் தருகிறார்கள். புல்வெளியில் விரித்து உட்கார விரிப்பும், நீங்கள் இருக்கும் இடத்தை அடையாளம் காண ஒரு சிறு கொடியும் தருவார்கள். முன்பதிவு இல்லாமல் நடந்து போய் ஏமாறாதீர்கள்.

படி 7: தென்கோடிக்கு முழு நாள் ஒதுக்குங்கள்

போர்ச்சுகல் கோவ் சவுத் என்னும் சிற்றூரிலிருந்து கேப் ரேஸுக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் சரளைச் சாலை. ட்ரெபாஸியில் எரிபொருளை நிரப்பிக்கொண்டு, மெதுவாக ஓட்டுங்கள். கைப்பேசிச் சமிக்ஞையை நம்ப வேண்டாம்.

வழியில் இருப்பது மிஸ்டேக்கன் பாயிண்ட். பனிக்குள் வந்த மாலுமிகள் இதையே கேப் ரேஸ் என்று எண்ணி வடக்கே திருப்பிப் பாறையில் மோதியதால் வந்த பெயர் அது. 2016-இல் யுனெஸ்கோ உலக மரபுக்களமாக அறிவிக்கப்பட்ட இங்கே, 56 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட, எலும்போ ஓடோ இல்லாத கடலடி உயிர்களின் பதிவுகள், எரிமலைச் சாம்பல் மூடிய பாறைத் தளத்தில் இலை நரம்பைப்போல விரிந்து கிடக்கின்றன. வழிகாட்டியோடு மட்டுமே செல்லலாம். ஊரிலுள்ள விளக்க மையத்தில் முன்பதிவு செய்து, ஒரு வழிக்கு மூன்று கிலோமீட்டரளவு நடக்க வேண்டும். பாறையில் கால் வைக்கும் முன் காலணியைக் கழற்றிவிட்டு அவர்கள் தரும் துணியுறையை மாட்டிக்கொள்ள வேண்டும். கோயிலில் பழகிய நமக்கு இது எளிது. முன்பதிவைத் தெற்கே தங்கும் முதல் நாளில் வைத்தால், கேப் ரேஸுக்கு இரண்டு காலைகள் மிஞ்சும்.

கேப் ரேஸில் முதல் விளக்கு 1856-இல் ஏற்றப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல்களுக்குப் பெரும்பாலும் முதலில் தென்படும் நிலம் இதுவே என்பதால், அந்த விளக்கு போதாமல், 1907-இல் 29 மீட்டர் உயரக் கான்கிரீட் கோபுரம் எழுப்பப்பட்டு, பர்மிங்ஹாமின் சான்ஸ் பிரதர்ஸ் செய்த ஹைப்பர்ரேடியல் வில்லை பொருத்தப்பட்டது. கலங்கரை விளக்கின் ஒளியைக் குவிக்கும் ஃப்ரெனெல் வில்லைகளில் மிகப்பெரிய வகை அது, உலகில் மிகச் சிலவே செய்யப்பட்டன. டன் கணக்கில் எடையுள்ள அந்தக் கண்ணாடிக் கூடு பாதரசத் தொட்டியில் மிதப்பதால்தான் சிக்கலின்றிச் சுழல்கிறது.

அருகிலிருந்த மார்க்கோனி கம்பியில்லாத் தந்தி நிலையத்துக்கு, 1912 ஏப்ரல் 14 இரவு, டைட்டானிக்கின் வானொலி இயக்குநர் ஜாக் ஃபிலிப்ஸ் பயணிகளின் தந்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார். பனிக்கட்டி சூழ்ந்திருப்பதாக அருகிலிருந்த கலிஃபோர்னியன் கப்பல் இடையில் எச்சரித்தபோது, கேப் ரேஸோடு வேலையாக இருப்பதாகச் சொல்லி அதை அடக்கிவிட்டார். சில மணி நேரத்தில் அதே நிலையம் டைட்டானிக்கின் அபயக்குரலைக் கேட்டது.

படி 8: ட்ரெபாஸியைக் கடந்து வட்டத்தை முடியுங்கள்

ட்ரெபாஸி துறைமுகத்திலிருந்து 1928 ஜூன் 17 அன்று நீர்விமானத்தில் புறப்பட்ட அமீலியா ஏர்ஹார்ட், அட்லாண்டிக்கைக் கடந்து பறந்த முதல் பெண் ஆனார். அங்கிருந்து மேற்கே, பிரதான சாலையிலிருந்து பிரிந்து மரமற்ற சதுப்பு வெளியில் இறங்கினால் செயிண்ட் ஷாட்ஸ். சில வேளைகளில் கேரிபூ மான்கள் சாலையோரமே மேயும்.

தமிழர்கள் இந்தக் கிளைச்சாலையைத் தவிர்க்கக் கூடாது என்பேன். 1986 ஆகஸ்டு 11 அன்று, இந்த ஊருக்கு அப்பாலுள்ள கடலில், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் திசை தெரியாமல் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் கண்டெடுத்தார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து அழைத்துவந்த சரக்குக் கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அட்லாண்டிக் ரீப்பர் என்ற மீன்பிடிப் படகின் தலைவர் கஸ் டால்டனும் அவருடைய ஆட்களும் முதலில் வந்து, கையில் இருந்த உணவையும் நீரையும் கொடுத்து, மற்றப் படகுகளையும் அழைத்தார்கள். கனடாவின் தமிழ்ச் சமூக வரலாற்றில் இந்தக் கரைக்கு உள்ள இடம் அதனால் வந்தது.

அடுத்த ஊரான செயிண்ட் வின்சென்ட்ஸில் கடற்கரை செங்குத்தாக ஆழமாவதால், ஜூலையில் கூனல்முதுகுத் திமிங்கலங்கள் கேப்லினைத் துரத்திக் கரையிலிருந்து கல்லெறியும் தூரம்வரை வருகின்றன. படகுக் கட்டணம் இல்லாமல் கூழாங்கல் மேட்டில் அமர்ந்தே பார்க்கலாம். பனி இருந்தாலும் மூச்சு விடும் ஓசை கேட்கும். ஆனால் அந்தக் கரையில் காலை நனைக்கக்கூட இறங்காதீர்கள். அலை திரும்பும் வேகம் அபாயகரமானது.

இங்கிருந்து தொண்ணூறாம் எண் சாலை வடக்கே ஏறி நெடுஞ்சாலையில் சேர்கிறது. மாலைக்கு முன் கிளம்பிவிடுங்கள். 1904-இல் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து கொண்டுவந்து விட்ட நான்கே மூஸ் மான்கள் இன்று தீவெங்கும் பெருகி, அந்தியிலும் விடியலிலும் சாலையைக் கடக்கின்றன. நெட்டைக் காலில் கார் மோதினால் முழு உடலும் முன்கண்ணாடிமேல் விழும். இருட்டிய பிறகு ஓட்டியே ஆக வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்து, சாலையின் இரு ஓரங்களையும் பார்க்க முன்னிருக்கையில் ஒருவரை விழித்திருக்கச் செய்யுங்கள். இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் செயிண்ட் மேரீஸ் வளைகுடாவின் மறுகரையிலுள்ள கேப் செயிண்ட் மேரீஸுக்குப் போகலாம். பாறைத் தூண் ஒன்றில் நெருங்கி அமர்ந்திருக்கும் ஆயிரக்கணக்கான கேனட் பறவைகளை, இடையில் ஒரு குறுகிய பிளவை மட்டும் விட்டு, எதிர் விளிம்பிலிருந்தே காணலாம். விமானம் மறுநாள் காலையில் என்றால் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். போய்வரவே ஒரு முழு நாள் ஆகிவிடும்.